போக்கிமான் ஃபயர்ரெட் விளையாட்டு: சாரிசார்ட் லெவல் 57, மற்ற ஐந்தும் 30களில். எலைட் ஃபோருக்கு முன் வேகமாக லெவல் ஏற்றுவது எப்படி?

புல்வெளி27:

எட்டு பேட்ஜும் வாங்கியாச்சு. விக்டரி ரோடு ட்ரெய்னர்கள் அத்தனை பேரையும் சாரிசார்டை வைத்தே முடித்துவிட்டேன், இப்போது இன்டிகோ பிளாட்டோவில் போக்கிமானைக் குணப்படுத்தும் சென்டரில் நிற்கிறேன். டீம் இதுதான்: சாரிசார்ட் 57, டக்ட்ரியோ 39, ஜோல்டியான் 38, கடாப்ரா 37, லாப்ரஸ் 36, ஸ்னார்லாக்ஸ் 34.

எலைட் ஃபோர் என்ற கடைசி நான்கு ட்ரெய்னர்களில் முதல் ஆளான லாரலையின் அறையில் சாரிசார்ட் விழுந்தால் பின்னால் நிற்க ஆளில்லை. ஐந்தையும் 50-க்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். சின்னதை முன்னால் விட்டு, உடனே சாரிசார்டுக்கு மாற்றி அடிக்கிறேன். பத்துச் சண்டை போட்டால்தான் ஒரு லெவல் ஏறுகிறது. போக்கிடெக்ஸில் பிடித்த வகைகளின் கணக்கு 43. சண்டையில் இறங்காத போக்கிமானுக்கும் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) பிரித்துத் தரும் எக்ஸ்பி ஷேர் இன்னும் வாங்கவில்லை. கையில் 62,000 பணம், 4 ரேர் கேண்டி (ஒன்றுக்கு ஒரு லெவல் ஏற்றும்). எங்கே, எப்படி ஏற்றினால் சீக்கிரம் முடியும்? போக்கிமானைப் பார்த்துக்கொள்ளும் டேகேரில் விட்டுவிட்டு நடந்தால் பலன் உண்டா?

கணக்குப்புலி:

முதலில் ஐந்தையும் ஏற்றும் எண்ணத்தை விடுங்கள் ப்ரோ. நேரம் கரைவது அங்கேதான்.

எல்லாப் போக்கிமானுக்கும் லெவல் ஏற ஒரே அளவு எக்ஸ்பி தேவைப்படாது. ஜோல்டியானும் டக்ட்ரியோவும் லெவலின் கனம், அதாவது 50-க்கு 50×50×50 = 1,25,000. லாப்ரஸும் ஸ்னார்லாக்ஸும் அதைப்போல ஒன்றேகால் மடங்கு கேட்கும் மெதுவான கூட்டம். கடாப்ரா இடைப்பட்டது. உங்கள் டீமுக்குக் கணக்குப் போட்டால் 50 வர லாப்ரஸுக்கு 97,930, கடாப்ராவுக்கு 73,552, ஜோல்டியானுக்கு 70,128, டக்ட்ரியோவுக்கு 65,681, ஸ்னார்லாக்ஸுக்கு 1,07,120. ஐந்தும் சேர்ந்து நாலு லட்சத்தைத் தாண்டுகிறது. முதல் மூன்று மட்டும் என்றால் 2,41,610.

அந்த மூன்றே போதும் என்று நான் சொல்லக் காரணம் எலைட் ஃபோரின் அமைப்பு. லாரலையிடம் ட்யூகாங், க்ளாய்ஸ்டர், ஸ்லோப்ரோ, லாப்ரஸ் நான்கும் வாட்டர் வகை, ஜோல்டியான் பார்த்துக்கொள்ளும். ஜிங்க்ஸை சாரிசார்டிடம் விடுங்கள். ப்ரூனோவின் ஹிட்மான்சான், ஹிட்மான்லீ, மச்சாம்ப் மூன்றுக்கும் கடாப்ராவின் சைக்கிக் மூவ் (தாக்குதல்), இரண்டு ஓனிக்ஸுக்கு லாப்ரஸின் சர்ஃப். அகதாவிடம் இருக்கும் ஐந்தும் பாய்சன் வகை. கோஸ்ட் என்று பயந்து பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஐந்துக்கும் சைக்கிக் இரட்டிப்பாக இறங்கும். லான்ஸின் ட்ராகனைட்டுக்கு ஐஸ் பீம் நான்கு மடங்கு, ட்ராகனேர் இரண்டுக்கும் ஏரோடாக்டிலுக்கும் இரு மடங்கு. மிச்சம் உள்ள கயாரடாஸுக்கு ஜோல்டியானின் மின்சாரம் நான்கு மடங்கு. லாப்ரஸ் 31-ஆம் லெவலிலேயே ஐஸ் பீம் கற்றிருக்கும், கடாப்ரா 36-இல் சைக்கிக் கற்றிருக்கும். மறக்கடிக்காமல் வைத்திருந்தால் டிஎம் (மூவ் கற்றுத்தரும் பொருள்) எதுவும் தேவையில்லை. டக்ட்ரியோவையும் ஸ்னார்லாக்ஸையும் பாக்ஸில் வையுங்கள். இன்டிகோவுக்கு ஒருமுறை வந்துவிட்டதால் இனி பறந்து வர ஃப்ளை போதும், பாறை தள்ளும் ஸ்ட்ரெங்த் வேண்டியதில்லை.

அடுத்தது பங்கு. இந்த விளையாட்டில் எக்ஸ்பி கணக்கு: தோற்ற போக்கிமானின் அடிப்படை எண் × அதன் லெவல் ÷ 7. ட்ரெய்னருடையது என்றால் ஒன்றரை மடங்கு. லாரலையின் லாப்ரஸை எடுத்துக்கொள்ளுங்கள்: 219 × 54 ÷ 7 = 1,689, ஒன்றரை மடங்கு 2,533. நீங்கள் இப்போது செய்வதுபோல் சின்னதை விட்டு மாற்றினால் இருவருக்கும் பாதிப் பாதி, சின்னதுக்கு 1,266. எக்ஸ்பி ஷேரை மாட்டி, களத்தில் இறக்காமலே உட்கார வைத்தாலும் அதே பாதி வரும், மாற்றும்போது வாங்கும் அடி மிச்சம். எக்ஸ்பி ஷேர் மாட்டிய போக்கிமானையே முதலில் இறக்கி மாற்றினால் ஷேருக்கான பாதியும் வரும், களத்துப் பங்கில் பாதியும் வரும். மொத்தம் முக்கால் பங்கு, 1,899. சாரிசார்டுக்குப் போவது கால் பங்குதான். அதற்கு இப்போது லெவல் தேவையில்லை.

ஆகவே முதல் வேலை எக்ஸ்பி ஷேர். ரூட் 15 கேட் மாடியில் பேராசிரியர் ஓக்கின் உதவியாளர் 50 வகை பிடித்தவருக்குத் தருவார். ஃப்யூஷியாவுக்குப் பறந்து கிழக்கே நடந்தால் கேட் வந்துவிடும். உங்களுக்கு இன்னும் 7 வேண்டும். செலடான் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ஃபயர், வாட்டர், தண்டர், லீஃப் ஸ்டோன் தலா 2,100. க்ரோலித்துக்கு ஃபயர், க்ளூமுக்கு லீஃப், ஷெல்டருக்கும் பாலிவேர்லுக்கும் வாட்டர், பிகாச்சுவுக்கு தண்டர். பாக்ஸில் இருப்பதற்குக் கல்லைக் கொடுத்தாலே ஒவ்வொன்றும் புதுக் கணக்கு. மீதிக்குத் தூண்டில் போடுங்கள்.

இதற்கிடையே ரூட் 16 கேட் மாடிக்கும் போய் வாருங்கள். 40 பிடித்தவருக்கு அங்கே பரிசுப் பணத்தை இரட்டிப்பாக்கும் ஆம்யுலெட் காயின் உண்டு. 43 ஆகியும் வாங்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கான்டோவாசி:

கணக்கு மேலே வந்துவிட்டது, நான் இடம் சொல்கிறேன்.

இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். 45 வரை விக்டரி ரோடு, அதற்கு மேல் எலைட் ஃபோர் அறைகளே.

விக்டரி ரோட்டில் மாற்றி மாற்றி அடிப்பதை நிறுத்துங்கள். லாப்ரஸையே முன்னால் வைத்து அதுவே அடிக்கட்டும். ஓனிக்ஸுக்கு சர்ஃப் நான்கு மடங்கு, மாரோவாக்குக்கு இரு மடங்கு, கோல்பாட்டுக்கு ஐஸ் பீம். 36 லெவலிலும் பெரும்பாலும் ஒரே அடியில் விழும், முழு எக்ஸ்பியும் அதற்கே. 44 லெவல் கோல்பாட் 1,074 தரும், மச்சோக் 917. ஓனிக்ஸ் பார்க்கத்தான் பெரிது, அடிப்படை எண் 108 என்பதால் 700-ஐ ஒட்டித்தான் வரும். மச்சோக்கும் ஆர்பாக்கும் வந்தால் கடாப்ராவை விடுங்கள், சைக்கிக் ஒன்று போதும். ஆனால் கடாப்ராவின் டிஃபென்ஸ் மிகக் குறைவு. அது முந்திக்கொண்டு அடிக்கும்வரைதான் பாதுகாப்பு. முதல் அடியில் எதிரி தப்பித்துவிட்டால் திருப்பி விழும் அடியைத் தாங்காது. விழுந்த போக்கிமானுக்கு எக்ஸ்பி ஒரு துளியும் கிடையாது, எக்ஸ்பி ஷேர் மாட்டியிருந்தாலும் சரி.

இங்கே நேரத்தைத் தின்பவை 30-ஐ ஒட்டிய லெவலில் வரும் மச்சாப், ஜியோடூட், சூபாட். அவற்றை ரிப்பலால் வடிகட்டலாம். ரிப்பல் இருக்கும்போது உங்கள் முதல் போக்கிமானைவிட லெவல் குறைந்தவை வராது. 36 லெவல் லாப்ரஸ் முன்னால் இருந்தால் சின்னவை எல்லாம் விலகி 40-க்கு மேற்பட்டவை மட்டும் வரும். இன்டிகோ கடையில் மேக்ஸ் ரிப்பல் 700, 250 அடிக்குத் தாங்கும். லாப்ரஸ் 44-ஐத் தாண்டியதும் ரிப்பலை நிறுத்திவிடுங்கள், பிறகு வருவதே அரிதாகிவிடும். பிபி (மூவைப் பயன்படுத்தக்கூடிய எண்ணிக்கை) தீர்ந்ததும் சென்டர் பக்கத்திலேயே இருக்கிறது. பணமும் செலவாகாது.

மூன்றும் 44, 45 வந்ததும் லாரலை கதவைத் திறங்கள். தோற்கலாம். தோற்றாலும் வாங்கிய எக்ஸ்பி அப்படியே இருக்கும். நால்வரின் இருபது போக்கிமானையும் வீழ்த்தினால் முதல் சுற்றில் மொத்தம் 39,000-க்குச் சில எண்கள் குறைவு: லாரலை 10,122, ப்ரூனோ 7,912, அகதா 9,731, லான்ஸ் 11,209. விக்டரி ரோட்டில் இதற்கு நாற்பதுக்கு மேல் சண்டை வேண்டும்.

பேட்டில் ஸ்டைல் ஷிஃப்ட்டில் இருக்கட்டும். எதிரியின் ஒன்று விழுந்ததும் "மாற்றுகிறீர்களா" என்று கேட்கும் அல்லவா, அந்த மாற்றத்துக்கு ஒரு டர்ன்கூடச் செலவில்லை. அப்போது வளர வேண்டியதை இறக்கி, அடுத்த டர்னில் அடிப்பவரைக் கூப்பிடுங்கள். மாற்றுவது எப்போதும் எதிரியின் தாக்குதலுக்கு முன் நடக்கும், எனவே சின்னது அடி வாங்காது, உள்ளே வருபவர்தான் வாங்குவார். லாரலை அறையில் அப்படி உள்ளே வர லாப்ரஸைவிடப் பொருத்தமானது இல்லை. வாட்டர் பாதியாகவும் ஐஸ் கால்வாசியாகவும்தான் அதன் மேல் விழும்.

இந்த வித்தை பிசகும் இடங்கள்: பர்சூட் மூவ் வெளியேறும் போக்கிமானை இரட்டிப்பாக அடிக்கும். ராப், பைண்ட் பிடித்துக்கொண்டால் மாற்ற முடியாது. டிக்லெட்ஸ் கேவில் அரீனா ட்ராப் உள்ள டிக்லெட் வந்தாலும் அதே கதி, அதனால் குட்டிகளை அங்கே கூட்டிப்போகாதீர்கள். செல்ஃப் டிஸ்ட்ரக்ட் உள்ள எதிரி முன் சின்னதை ஒரு டர்ன்கூட நிறுத்தக் கூடாது.

புல்வெளி27:

மிக்க நன்றி. காயின் வாங்கிவிட்டேன், ஸ்டோன் வைத்தே 4 வகை கூடிவிட்டது, 47 ஆச்சு. இரண்டு சந்தேகம். தோற்றால் பாதிப் பணம் போய்விடாதா? ரேர் கேண்டி நாலையும் இப்போதே லாப்ரஸுக்குக் கொடுத்துவிடலாமா?

கான்டோவாசி:

பாதிப் பணம் போவது ரூபி, சஃபையர் விளையாட்டுகளில். ஃபயர்ரெட்டில் கணக்கு வேறு: டீமில் உயர்ந்த லெவல் × பேட்ஜுக்கு ஏற்ற எண். எட்டு பேட்ஜுக்கு 120. உங்கள் சாரிசார்டுக்கு 57 × 120 = 6,840. லாரலையை வென்றால் 5,400, ப்ரூனோவை வென்றால் 5,600. இருவரையும் முடித்து அகதாவிடம் தோற்றாலே 4,160 மிச்சம். ஆம்யுலெட் காயின் மாட்டியவர் இரண்டு சண்டையிலும் ஒருமுறை களத்தில் இறங்கியிருந்தால் பரிசு இரட்டிப்பு, மிச்சம் 15,160. காயினை ஜோல்டியானுக்குக் கொடுங்கள், லாரலையிடம் அது எப்படியும் இறங்கும். ப்ரூனோவிடம் மட்டும் ஞாபகமாக ஒரு டர்ன் காட்டுங்கள்.

லாரலையிடமே தோற்றால் மட்டும் நஷ்டம். ஆகவே முதல் சுற்றில் ஃபுல் ரெஸ்டோர் இரண்டு மூன்று கையில் இருக்கட்டும், ஒன்று 3,000.

உள்ளே போனபின் கதவு பூட்டிக்கொள்ளும், வெளியே வர ஜெயிக்க வேண்டும் அல்லது எல்லாம் விழ வேண்டும். ரீசெட் செய்தால் கடைசி சேவுக்குப் பிறகு சேர்ந்த எக்ஸ்பி முழுவதும் போய்விடும். அதனால் டீமில் ஆறு வைக்காதீர்கள், நாலு போதும். தோற்க வேண்டிய நேரத்தில் சீக்கிரம் முடியும், இன்டிகோ சென்டரிலேயே முழு உடல்நலத்துடன் எழுவீர்கள்.

சேரும் பணத்தில் செலடான் கேம் கார்னரில் தண்டர்போல்ட் டிஎம் எடுங்கள். 4,000 கேம் கார்னர் காயின், பணமாகக் கொடுத்தால் 80,000. உங்களிடம் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. அதுவரை ஜிம் லீடர் சர்ஜ் தந்த ஷாக் வேவ் ஓடும். பவர் 60-க்கும் 95-க்கும் உள்ள வித்தியாசம் லாரலையின் லாப்ரஸிடம் நன்றாகத் தெரியும்.

கணக்குப்புலி:

கேண்டியை இப்போது தொடவே தொடாதீர்கள். லாப்ரஸுக்கு 36-இலிருந்து 37 போக 4,996 எக்ஸ்பிதான் வேண்டும். 49-இலிருந்து 50 போக 9,189. கேண்டி ஒன்றுக்கு ஒரு லெவல்தான், எனவே விலை உயர்ந்த லெவலில் கொடுப்பதே லாபம். இன்னொன்று, கேண்டி கொடுத்தால் எக்ஸ்பி அடுத்த லெவலின் தொடக்கத்தில் போய் நிற்கும், ஏற்கெனவே சேர்த்தது கூட வராது. நீலக் கோடு முக்கால்வாசி நிறைந்திருக்கும்போது கொடுத்தால் கேண்டியில் முக்கால்வாசி வீண். லெவல் ஏறிய உடனே, கோடு காலியாக இருக்கும்போது கொடுங்கள்.

கேண்டியால் ஏறும் லெவலில் ஈவி (அட்டாக், ஸ்பீட் போன்ற ஸ்டாட்களைக் கூட்டும் மறைவான புள்ளி) சேராது என்பதும் நினைவிருக்கட்டும். சீட் கோட் போட்டு 99 கேண்டி எடுத்து 5-இலிருந்து 50 வரை ஏற்றுபவர்கள் "என் 50 லெவல் ஏன் இவ்வளவு பலவீனம்" என்று கேட்பதற்கு இதுதான் காரணம். ஒரு ஸ்டாட்டில் 252 ஈவி இருந்தால் 50-ஆம் லெவலில் 31 புள்ளி கூடும். சண்டையில் வென்றால் அது வரும், கேண்டியால் வராது. மச்சோக் ஒன்றுக்கு அட்டாக் 2, கோல்பாட் ஒன்றுக்கு ஸ்பீட் 2. எக்ஸ்பி பங்கு பிரிந்தாலும் ஈவி பிரியாது, எக்ஸ்பி ஷேர் மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் முழுசாக வரும். உங்கள் கடாப்ராவுக்கும் ஜோல்டியானுக்கும் அட்டாக் ஈவியால் பயனில்லை, கோல்பாட்டின் ஸ்பீட் பொன். இருவரும் முன்னால் இருக்கும்போது கோல்பாட் வந்தால் தப்பவிடாதீர்கள். மாச்சோ ப்ரேஸ் என்ற பொருள் ஈவியை இரட்டிப்பாக்கும், எக்ஸ்பியை அல்ல. போக்கிரஸ் தொற்றும் அப்படியே.

டேகேர் கேட்டிருந்தீர்கள். ரூட் 5 டேகேரில் ஓர் அடிக்கு 1 எக்ஸ்பி. லாப்ரஸ் 50 வர 97,930 அடி நடக்க வேண்டும். 100 பணத்துடன் ஏறிய லெவலுக்குத் தலா 100 கட்டணமும் கேட்பார்கள். அதைவிடக் கேடு, உள்ளே லெவல் ஏறும்போது புது மூவ் வந்தால் உங்களைக் கேட்காமல் மேலே உள்ள மூவை அழித்துவிடும். லாப்ரஸ் 37-இல் ரெய்ன் டான்ஸ், 43-இல் சேஃப்கார்ட், 49-இல் ஹைட்ரோ பம்ப் கற்கும். பட்டியலின் மேலே ஐஸ் பீம் இருந்தால் முதல் லெவலிலேயே போய்விடும். 5 லெவல் குட்டியை 20 ஆக்க டேகேர் சரி, ஜோல்டியான் மாதிரியான கூட்டத்துக்கு 7,875 அடிதான். 36-க்கு மேல் வேண்டாம்.

ஏழாம்தீவு:

லக்கி எக் பற்றி யாராவது சொல்வார்கள் என்பதால் முன்கூட்டியே: எக்ஸ்பி ஒன்றரை மடங்கு ஆவது உண்மை. ஆனால் இந்த விளையாட்டில் அதற்கு சஃபாரி சோனில் சான்சியைப் பிடிக்க வேண்டும், சான்சி வருவதே அரிது, வந்தாலும் 5 சதவீதத்தில்தான் முட்டை வைத்திருக்கும். உள்ளே போக 500, 30 பந்து, 600 அடி. இந்தக் கட்டத்தில் அதற்குச் செலவாகும் நேரத்தில் மூன்று போக்கிமானையும் 50 ஆக்கிவிடலாம்.

கடாப்ராவை நண்பரிடம் அனுப்பித் திரும்ப வாங்கினால் அலகசாம் ஆகிவிடும், வசதி இருந்தால் செய்யுங்கள். ஆனால் அதற்கு ட்ரேட் போனஸ் வராது, அசல் உரிமையாளர் நீங்கள்தானே. ஒன்றரை மடங்கு எக்ஸ்பி மற்றவர் பிடித்துத் தந்ததற்கு மட்டும். விளையாட்டுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளும் போக்கிமானுக்கும் அது உண்டு, செருலியனில் பாலிவேர்ல் கொடுத்து வாங்கும் ஜிங்க்ஸ் போல.

சாம்பியன் ஆன பிறகு 60, 70 என்று ஏற்ற ஆசையிருந்தால் ஏழாம் தீவின் செவால்ட் கேன்யன் போங்கள். வெர்மிலியன் சென்டரில் கிடைக்கும் விஎஸ் சீக்கர் கையில் இருக்க வேண்டும். 100 அடி நடந்தால் சார்ஜ் ஏறும், திரையில் தெரியும் ட்ரெய்னர்களில் தலைக்கு மேல் ஆச்சரியக்குறி காட்டுபவர் மறுபடி மோதத் தயார். அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒரு வீட்டில் சான்சி ஆடி முழு டீமையும் குணப்படுத்தும். மோது, ஆடவிடு, 100 அடி நட, மறுபடி மோது. சென்டருக்கு ஓடும் நேரமே இல்லை. ரூபி, சஃபையர் ரத்தினக் கற்கள் இரண்டும் செலியோ என்பவரிடம் சேர்ந்ததும் எலைட் ஃபோர் லெவலும் 60களுக்கு மேல் ஏறிவிடும், அங்கே ஒரு சுற்றின் எக்ஸ்பியும் அதற்கேற்பக் கூடும்.

புல்வெளி27:

50 ஆச்சு, எக்ஸ்பி ஷேர் கையில். இப்போது ஜோல்டியான் 44, கடாப்ரா 43, லாப்ரஸ் 45. எக்ஸ்பி ஷேர் யாருக்கு, வரிசை எப்படி?

கணக்குப்புலி:

எக்ஸ்பி ஷேர் கடாப்ராவுக்கு. லாரலை அறையில் அதற்கு வேலையில்லை, சும்மா இருந்தே 5,000-ஐ வாங்கிக்கொள்ளும். ப்ரூனோ அறைக்குள் 44 ஆகியிருக்கும், இல்லையென்றால் அதை நெருங்கியிருக்கும். வரிசை: ஜோல்டியான், லாப்ரஸ், சாரிசார்ட், கடாப்ரா. லாரலை முதலில் இறக்குவது ட்யூகாங், ஜோல்டியான் நேராக அடிக்கட்டும். ஜிங்க்ஸ் வரும்போது ஷிஃப்ட் கேள்வியில் சாரிசார்ட், அது விழுந்ததும் மறுபடி ஜோல்டியான். ப்ரூனோ முதலில் விடுவது ஓனிக்ஸ், மின்சாரம் ஏறாது. எனவே அந்தக் கதவுக்கு முன் லாப்ரஸை முதலிடத்துக்கு மாற்றிவிட்டு நுழையுங்கள். கடாப்ரா 50 தொட்டதும் ஷேரைக் கழற்றி லாப்ரஸுக்கு மாட்டுங்கள், மூன்றில் அதிகம் பசிக்கும் ஆள் அதுதான்.